கமிட்டி நகரவில்லையா? நிதி திரட்டும் விழாவுக்கு ஆள் சேர்ப்பதில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், வயலருகிலேயே நின்று மண்வெட்டியும் கையுமாக வாய்க்காலை வெட்டிக்கொண்டிருப்பவரை எங்கள் பக்கத்தில் விவரம் போதாதவர் என்பார்கள். கரையோடு மேலே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். எங்கோ ஒரு மதகில் ஷட்டர் இறங்கியிருக்கும். இல்லையென்றால் ஆகாயத்தாமரை அடைத்திருக்கும், அல்லது யாராவது ராவோடு ராவாகத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டிருப்பார்.

நிதி திரட்டும் விழாவுக்கான கமிட்டியும் இதே கதைதான். "ஆள் வரலை", "பொறுப்பு இல்லை", "இந்தக் காலத்துப் பசங்க சரியில்லை" என்று நாம் புலம்புவதெல்லாம் கடைமடையில் தெரிகிற வறட்சி. அடைப்பு பெரும்பாலும் மேலே, நாம் வேலையைப் பிரித்த இடத்தில் இருக்கும்.

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி சேரும் பிள்ளைகளின் முதல் வருடக் கட்டணத்துக்காக, வருடம் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்துகிறோம். பறை, நாதஸ்வரம், பள்ளிப் பிள்ளைகளின் கோலாட்டம், சாப்பாட்டுக் கடைகள், கடைசியில் ஏலம். ஒன்பது வருடமாக நான் பொருளாளர். அதில் ஒரு வருடம் விழாவே நடக்கவில்லை. இன்னொரு வருடம் நடந்தது, ஆனால் நடக்காமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே இருப்பவை பெரும்பாலும் எங்கள் கோளாறுகள். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

"கூப்பிட்டால் யாரும் வருவதில்லை"

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஆளைக் குறை சொல்வது அப்புறம்.

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால், ஆற்றில் தண்ணீர் வந்த நாளிலிருந்து குறுவை நெல் போடுகிறவர் யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுப்பும் சம்பா, தாளடி நெல் நடவும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தை, மாசியில் சம்பா அறுவடை; அறுத்தால் மட்டும் போதுமா, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ஈரப்பதம் பார்க்கும் வரை காவல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருவரிடம் போய் "ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்" என்றால் அவர் முகத்தை நேராகப் பார்க்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும். விவசாயம் செய்யாதவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. பங்குனியில் பொதுத்தேர்வு. வைகாசியில் முகூர்த்தம் அடுக்கடுக்காக வரும். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாள் எவரும் உங்களுடையவர் இல்லை.

எங்கள் அனுபவத்தில் இரண்டு இடைவெளிதான் உண்டு. ஒன்று, பொதுத்தேர்வு முடிந்து சித்திரை முதல் பாதி. இன்னொன்று ஆடி. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடக்கும். பந்தல்காரர், சமையல் மாஸ்டர் எல்லாம் வாடகையைக் குறைத்துப் பேசுவார்கள். குறுவை நடவும் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியூர்ப் பிள்ளைகளும் ஊருக்கு வருவார்கள். நாங்கள் ஆடிக்கு மாறி ஐந்து வருடம் ஆகிறது.

தேதி சரியாக இருந்தும் ஆள் வரவில்லையா? எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று பாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் "தன்னார்வலர்கள் வரவேற்கப்படுகிறார்கள்" என்று போட்டால் கைகூப்பும் பொம்மை நாற்பது வரும், ஆள் ஒன்றும் வராது. கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே கோபித்துக்கொள்கிற ஊர் இது. வீட்டுக்குப் போக வேண்டும், திண்ணையில் உட்கார வேண்டும், தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும், அப்புறம் கேட்க வேண்டும்.

என்ன கேட்டீர்கள் என்பது அடுத்தது. என்னைப் பொறுத்தவரை அடைப்பு இருப்பது பெரும்பாலும் இங்கேதான். "அண்ணே, விழாவுக்கு உங்க ஒத்துழைப்பு வேணும்" என்று கேட்டால் "கண்டிப்பா தம்பி" என்று பதில் வரும். அந்தக் "கண்டிப்பா"வுக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அதே ஆளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, சனிக்கிழமை சாயங்காலம் நாலுலேருந்து ஏழு வரைக்கும் வண்டி நிறுத்துற இடம் உங்க பொறுப்பு. கூட ரெண்டு பசங்க இருப்பாங்க. முடியுமா?" அவர் யோசிப்பார். "ஏழுக்கு மேல கடையைப் பாக்கணும், அதுவரைக்கும் நிக்கிறேன்" என்பார், அல்லது முடியாது என்பார். முடியாது என்ற பதிலும் லாபம்தான். அன்றைக்கே வேறு ஆளைத் தேடலாம்.

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16ஆம் தேதிக்கு அப்புறம் இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. அரிவாள் இருந்தவர் வெட்டினார், டிராக்டர் இருந்தவர் இழுத்தார், ஒன்றும் இல்லாதவர் கஞ்சி காய்ச்சினார். விழாவுக்கு வராத அதே ஆட்கள்தான். அங்கே வேலை கண்ணுக்குத் தெரிந்தது. விழாவில் அதை நாம்தான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெட்டி வைக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு, கொஞ்சம் சங்கடமானது. கமிட்டிப் பெயர்களைத் தெரு வாரியாக எழுதிப் பாருங்கள். எல்லாப் பெயரும் இரண்டு தெருவுக்குள் அடங்கினால், மற்ற தெருக்காரர் ஏன் வரவில்லை என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இல்லை. கூட்டம் எங்கே நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். நாங்கள் மூன்று வருடம் ஒரு கோயில் மண்டபத்தில் கூடினோம். அந்த மண்டபத்தில் காலம்காலமாக உட்கார்ந்து பழகாத தெருக்காரர் எவரும் வரவில்லை, வர மாட்டார்கள் என்பதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாற்றிய இரண்டாவது கூட்டத்தில் புதிதாக ஒன்பது பேர் வந்தார்கள். எங்கள் பறைக்குழு கிடைத்ததே அப்படித்தான்.

"முதல் கூட்டத்துக்கு 34 பேர், மூன்றாவது கூட்டத்துக்கு 6 பேர்"

தீர்மான நோட்டை எடுத்துப் பாருங்கள். முதல் கூட்டத்திலிருந்து வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் கையில் ஒரு வேலையோடு போனார்கள்? எங்கள் நோட்டில் அந்த எண்ணிக்கை நான்கு. மீதி முப்பது பேரும் நாங்கள் பேசியதைக் கேட்டார்கள், வடை சாப்பிட்டார்கள், போனார்கள். அவர்கள் திரும்பி வர என்ன காரணம் இருக்கிறது?

செய்ய வேண்டியது: முதல் கூட்டத்துக்கு முன்பே வேலைகளைச் சின்னச் சின்னச் சீட்டாக எழுதிக்கொண்டு போங்கள். "பந்தல்காரர் மூன்று பேரிடம் விலை கேட்டு வருவது, புதன்கிழமைக்குள்." "பள்ளித் தலைமையாசிரியரிடம் கோலாட்டத்துக்கு அனுமதி, வெள்ளிக்குள்." ஒரு சீட்டுக்கு ஒரு ஆள், ஒரு தேதி. அடுத்த கூட்டம் அந்தச் சீட்டுகளை வாசிப்பதில் ஆரம்பிக்க வேண்டும். வேலையை முடித்தவர் நான்கு பேர் முன்னால் அதைச் சொல்ல வருவார். முடிக்காதவரும் பாதிப் பேர் வருவார்கள், காரணம் சொல்ல.

கூட்டம் முக்கால் மணி நேரம் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அப்புறம் நடப்பது ஊர் அரசியல்.

வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கப் படங்கள் வந்து வேலைச் செய்தி கீழே போய்விடுகிறதென்றால் இரண்டு குரூப் வையுங்கள். ஒன்றில் அட்மின் மட்டும் எழுதட்டும், இன்னொன்றில் எல்லாரும் ரோஜாப்பூ போட்டுக்கொள்ளட்டும்.

"வேலைக்கு ஆளில்லை, நோட்டீஸில் பேருக்குக் குறைவில்லை"

எங்கள் மூன்றாம் வருட நோட்டீஸ் இரண்டு முறை அச்சானது. முதல் அச்சில் ஒரு பெரியவர் பெயர் அவருடைய பங்காளி பெயருக்குக் கீழே வந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது சமாளித்திருக்கலாம். தருவதாகச் சொல்லியிருந்த பதினைந்து மூட்டை அரிசியைப் பற்றியும் பேசவில்லை. இரண்டாவது அச்சில் அவரை மேலே ஏற்றினோம். அரிசி வந்தது, பங்காளி வரவில்லை.

இந்தக் கோளாறை விழா வேலை ஆரம்பிக்கும்போதே அடைக்க வேண்டும். நோட்டீஸ் அச்சுக்குப் போகிற வாரத்தில் சரிசெய்யவே முடியாது. நாங்கள் கடைசியில் கண்டுபிடித்த வழி இது. பெயர் இரண்டு பட்டியலில் வரும். முதலாவது புரவலர்கள்: பணமோ பொருளோ தந்தவர்கள், அகர வரிசையில். இரண்டாவது விழாக்குழு: வேலை செய்பவர்கள், அகர வரிசையில், பெயருக்கு நேரே வேலை. "வண்டி நிறுத்தம்", "குடிநீர்", "சாப்பாட்டு டோக்கன்" என்று அச்சில் வரும். வேலை இல்லாமல் இரண்டாவது பட்டியலில் பெயர் போட முடியாது. பட்டம், பதவி, "அவர்கள்" எதுவும் கிடையாது, எல்லாருக்கும் "திரு", "திருமதி" மட்டும். இதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். அகர வரிசையோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஒருவர் மட்டும் தன் இனிஷியலை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னார்.

தலைவர் ஆசை உள்ளவரை ஒதுக்காதீர்கள், அவருக்கு உண்மையாகவே ஒரு பயன் இருக்கிறது. காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி வாங்கவும், பேரூராட்சியில் தண்ணீர் லாரி கேட்கவும் வெள்ளை வேட்டி வேண்டும். அந்த வேலையை அவர் பெயருக்கு நேரே போடுங்கள்.

பொன்னாடைக்கு உச்சவரம்பு வையுங்கள். ஒரு வருடம் 27 பொன்னாடை போர்த்தினோம். அதற்கு ஆன செலவில் ஒரு பிள்ளைக்குப் புத்தகம் வாங்கியிருக்கலாம். நேரம் போனது தனி. இப்போது மேடையில் ஒருவருக்கு மட்டும், அதுவும் கைத்தறித் துண்டு.

"ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்கிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள்"

அந்த ஒரே ஆள் நீங்களாக இருந்தால், முதல் கேள்வி உங்களுக்குத்தான். யாராவது ஒரு வேலையைத் தப்பாகச் செய்தபோது நீங்களே போய்த் திருத்திச் செய்தீர்களா? இரண்டு முறை அப்படிச் செய்தால் போதும், மூன்றாவது முறை அவர் தொடவே மாட்டார். "அண்ணன் பாத்துக்குவாரு" என்ற வார்த்தை காதில் விழுந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். வாழைமரம் கொஞ்சம் சாய்வாகக் கட்டியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து, யாரைக் குழுவில் எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். எங்கள் குழுவில் முதல் நான்கு வருடம் பெண்கள் பெயர் இரண்டு, அதுவும் குத்துவிளக்கு ஏற்ற. ஆனால் கடைக்கான பலகாரம் முழுக்கப் பெண்கள் செய்தார்கள், கோலாட்டப் பிள்ளைகளுக்கு உடை தைத்தார்கள், மறுநாள் பள்ளி மைதானத்தைக் கூட்டினார்கள். வேலை செய்பவர்கள் ஒரு பக்கம், தீர்மானம் போடுபவர்கள் இன்னொரு பக்கம். குழுவில் ஆள் போதவில்லை என்று நாங்கள் அழுதுகொண்டிருந்தபோது ஊரில் ஏழு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருந்தன. அங்கே குழுவை நடத்தும் ஊக்குநர் இருக்கிறார், பிரதிநிதி இருக்கிறார், தீர்மானப் புத்தகம் இருக்கிறது, வங்கிக்குப் போய்ப் பணம் போட்டு எடுத்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் நடத்தத் தெரிந்தவர்களை விட்டுவிட்டு, தெரியாத நாங்கள் நடத்திக்கொண்டிருந்தோம்.

கூட்ட நேரம் ராத்திரி ஏழரை என்று வைத்தால் அவர்கள் வர முடியாது. சோறு, குழம்பு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் அந்த நேரத்தில்தான். மதியம் மூன்று மணிக்கு மாற்றுங்கள். ஆண்கள் சிலர் தூக்கம் போகிறது என்று முனகுவார்கள், முனகட்டும். இப்போது டோக்கன் கல்லா முழுக்க ஒரு ஊக்குநர் அக்கா பொறுப்பு. அவர் வந்த பிறகு கல்லாவில் ஐந்து ரூபாய்கூடக் கூடிக் குறைந்ததில்லை. என்னையும் கணக்குக் கேட்கிறார். ஆரம்பத்தில் சுருக்கென்று இருந்தது.

"பணம் பற்றி முணுமுணுப்பு"

எல்லாவற்றிலும் ஆபத்தான அறிகுறி இது. டீக்கடையில் பேச்சு வந்துவிட்டது என்றால் அடுத்த வருடம் வசூலுக்குப் போகும்போது கதவு திறக்கும், கை திறக்காது.

முதல் வருடம் சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு திறக்கத் தாமதமானது. "பொருளாளர் நம்பர் இருக்கே" என்று என் ஜிபே கியூஆரையே அட்டையில் ஒட்டி வைத்தோம். ஒவ்வொரு பைசாவையும் எழுதி வைத்திருந்தேன். என் கெட்ட நேரம், அதே மாதம் வீட்டுக் கூடத்தில் டைல்ஸ் போட்டேன். "டைல்ஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாதா?" என்று ஒருவர் கேட்டார் என்று எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. நோட்டைக் காட்டினேன், வங்கி ஸ்டேட்மெண்ட் காட்டினேன், டைல்ஸ் கடை பில்லையும் காட்டினேன். நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிற சிலர் தரையைப் பார்ப்பார்கள்.

ஆகவே பதிவு செய்த சங்கம் அல்லது அறக்கட்டளை பேரில் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து இருந்தால்தான் செக் செல்லும், கியூஆர் அந்தக் கணக்குக்கு மட்டும். இது ஆகும்வரை வசூலை ஆரம்பிக்க வேண்டாம். தாமதமானால் விழாவைத் தள்ளி வையுங்கள்.

ரசீது புத்தகங்களுக்கு வரிசை எண் இருக்க வேண்டும். எந்தப் புத்தகம் யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தது என்று ஒரு பக்கம். திரும்ப வரும்போது அடிக்கட்டையை எண்ணி, கிழிந்தது, எழுதாதது, தப்பாக எழுதி ரத்து செய்தது எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்து. வசூலுக்கு எப்போதும் இரண்டு பேராகப் போக வேண்டும், உண்டியலை மூன்று பேர் முன்னால் திறக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்குப் புதிதா? மொய் எழுதுகிற ஊர் இது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைக்கிறவர்கள் லட்சக்கணக்கில் வாங்கி, ஒருவர் எழுத, ஒருவர் எண்ண, ஒருவர் பையில் போட, பெயர், ஊர், தொகை எதுவும் விடாமல் நோட்டில் ஏற்றிவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்தும் அந்த நோட்டு பேசும். அதே ஒழுங்கைப் பொதுப் பணத்திலும் காட்டினால் போதும்.

வரிச் சலுகை கேட்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 80ஜி என்று சொல்கிற வரிச் சலுகை அங்கீகாரம் உங்கள் சங்கத்துக்கு இருந்தாலும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்த நன்கொடைக்குச் சலுகை கிடையாது. செக்காகவோ வங்கி வழியாகவோ தர வேண்டும். அங்கீகாரமே இல்லையென்றால் "80ஜி உண்டு" என்று வாய்ப்பேச்சாகக்கூடச் சொல்லாதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாப் பணம்தான் இந்தப் பக்கத்தில் பெரிய வசூல். அங்கேதான் வழுக்கும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே தெருவில் பிறந்து வளர்ந்து இப்போது சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உங்கள் சங்கத்துக்குப் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். பதிவு இருந்தால்கூடப் பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். சின்னச் சங்கங்களால் ஆகிற காரியம் இல்லை. "மாமா, நீங்க என்ன பாஸ்போர்ட்?" என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நாங்கள் ஒரு தொகையைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவருக்கு முதலில் வருத்தம், அப்புறம் புரிந்துகொண்டார்.

குலுக்கல் கூப்பன் விற்கலாமே என்று எல்லா வருடமும் ஒருவர் எழுந்து சொல்வார். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலிருந்து தடை. பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுத்தால், நல்ல காரியத்துக்குத்தான் என்ற பதில் காவல் நிலையத்தில் எடுபடாது. ஏலம் விடுங்கள். முதல் வாழைத்தார், ஒரு பசு கன்று, பள்ளிப் பிள்ளை வரைந்த ஓவியம். போட்டியாக ஏலம் கேட்பதில் நம்மவர்களுக்கு இருக்கிற வீம்பு சில நேரம் நல்லதுக்கும் பயன்படும்.

கணக்குக் காட்டாதவரைத் தள்ளி வைப்பதற்குப் பழைய உதாரணம் உத்திரமேரூர்க் கல்வெட்டு. ஊர் நம் டெல்டாவில் இல்லை, ஆனால் கல்வெட்டு சோழர் காலத்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டி வெட்டியது. வாரியத்தில், அதாவது ஊர்க் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடவோலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்று அதில் விதி இருக்கிறது. மச்சானையும் சேர்த்துத் தடுத்திருக்கிறார்கள் பாருங்கள், ஊர் தெரிந்தவர்கள் எழுதிய விதி. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ரசீது புத்தகம் திருப்பித் தராதவருக்கு அடுத்த வருடம் புத்தகம் இல்லை, அவ்வளவுதான்.

"50 டிக்கெட் வாங்கிப் போனவர் கடைசி நாளில் 48ஐத் திருப்பித் தருகிறார்"

முதல் தவணையாகப் பத்து மட்டும் கொடுங்கள். அதை விற்றுப் பணம் கட்டியவருக்கு அடுத்த பத்து. விழாவுக்கு ஏழு நாள் முன்பு எல்லா டிக்கெட்டும் மேஜைக்கு வர வேண்டும். ஐம்பது கேட்பவர் பெரும்பாலும் விற்கத் தெரிந்தவர் இல்லை. இல்லை என்று சொல்லத் தெரியாதவர்.

"கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், பாதியில் காணோம்"

அவர்களிடம் யார், என்ன பேசினார்கள் என்று விசாரியுங்கள். "தம்பி அதைத் தூக்கு, தம்பி இதை நகர்த்து" தவிர வேறு பேச்சு இல்லையென்றால் அவர்கள் போனது நியாயம். ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். எங்கள் சாப்பாட்டுக் கடை வரிசை முழுக்க ஆறு பிள்ளைகள் கையில்: எந்தக் கடை எங்கே, எந்தக் கடைக்கு எத்தனை பிளக், யாருக்கு எவ்வளவு வாடகை. நான் போய் ஒரு கடையை மாற்றச் சொன்னபோது, "சார், அங்க வச்சா புகை மேடைக்கு வரும்" என்றாள் ஒரு பெண். வைக்கவில்லை.

சான்றிதழ் கொடுங்கள், என்ன வேலை செய்தார்கள் என்று எழுதிக் கொடுங்கள். முக்கியமாக, ராத்திரி பெண்பிள்ளைகளை வீடு சேர்ப்பது யார் என்பதை முன்கூட்டியே அவர்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் அனுப்புவார்களா என்பது அதில்தான் இருக்கிறது.

"விழா அன்று மேடையில் கூட்டம், வாசலில் ஆளில்லை"

பொறுப்புத் தாளைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: இடம், நேரம், பெயர், மாற்று ஆள். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரி இரண்டு மணி நேர முறை. முறை முடிந்து அடுத்தவர் வந்து நின்ற பிறகுதான் முதல் ஆள் நகர வேண்டும். வாசலில் நிற்பவரைக் கடைசிவரை நிற்க வைத்துவிட்டு நாம் மேடையில் துண்டு வாங்கிக்கொண்டிருந்தால், அடுத்த வருடம் அவரும் மேடைப் பக்கம்தான் நிற்பார்.

தொண்டர்களுக்கான சாப்பாட்டை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு அண்டாவைச் சுரண்டிப் போடுவது மரியாதை இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே எங்களை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள், வெளியே வேறு காரணம் சொன்னார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும், அது சட்டம். ஒன்பதரைக்கு மைக்கைப் பிடித்து நிகழ்ச்சியை முடிக்கிற ஆளை முன்பே நியமியுங்கள். எவர் சிபாரிசுக்கும் மசியாத ஆளாக இருக்க வேண்டும். எங்களுக்கு ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் கிடைத்தார். எம்எல்ஏ பேசிக்கொண்டிருந்தபோதே துண்டுச் சீட்டு கொடுத்தவர்.

"இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை"

பெரும்பாலும் விழாவுக்குச் சம்பந்தமில்லாத வரப்புத் தகராறாக இருக்கும். சமாதானம் செய்ய உட்கார்ந்தால் விழா நின்றுவிடும். ஒருவருக்கு விழாவுக்கு முந்தைய வேலை, இன்னொருவருக்கு அன்றைய வேலை கொடுத்துவிட்டு நகருங்கள்.

"விழா முடிந்த மறுநாள் யாரும் போன் எடுப்பதில்லை"

களைப்பு. அதற்கு மருந்தில்லை, முன்யோசனை உண்டு. விழா அன்று பகலில் எந்த வேலையும் இல்லாத நான்கு பேர் வேண்டும். அவர்கள் ராத்திரி பத்து மணிக்கு வந்தால் போதும். நாற்காலி, பாத்திரம், ஜெனரேட்டர், குப்பை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பத்துக்கு வருகிற வேலையைச் சந்தோஷமாக ஏற்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் ராத்திரி நீர் பாய்ச்சிப் பழகிய இருவர் ஒவ்வொரு வருடமும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

பதினைந்து நாளைக்குள் கணக்கு வாசிப்புக் கூட்டம். வரவு, செலவு, மீதி, எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு கட்டியது. உதவி பெற்ற பிள்ளைகளை மேடையேற்றிப் பேர் சொல்ல வேண்டாம். கல்லூரி ரசீது நகலைப் பெயர் மறைத்து வைத்தால் போதும். அன்றைக்கே அடுத்த வருடத்துக்கான தேதியையும், பொறுப்பிலிருந்து ஒதுங்குகிறவர் யார் என்பதையும் எழுதிவிடுவோம். நான் இந்த முறை ஒதுங்குகிறேன். ஊக்குநர் அக்காதான் பொருளாளர்.

போன வாசிப்பில் இரண்டு அன்னக்கூடையும் ஒரு சாதக் கரண்டியும் குறைந்திருந்தன. கரண்டி பள்ளிக்கூட வாழைக்கொல்லையில் கிடைத்துவிட்டது. அன்னக்கூடை கிடைக்கவில்லை. பாத்திரக்கடைக்காரர் பணம் வேண்டாம் என்றார். "ஆனா கணக்குல எழுதுறீங்களான்னு பாக்கணும்" என்று சொல்லி, வாசிப்பு முடியும்வரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எழுதியிருந்தோம். செலவுப் பக்கத்தில் 19ஆவது வரி.